வந்தாரை வாழவைத்த ஃபெஸ்

சென்ற வாரம் துனீசியாவின் கைரவான் நகரைப் பார்த்தோம். ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து மேற்கே புலம்பெயர்ந்த குடும்பங்கள் போய்ச் சேர்ந்த ஊர், மொராக்கோவின் ஃபெஸ்.

789-ல் முதலாம் இத்ரிஸ் ஆற்றின் ஒரு கரையில் இவ்வூருக்குக் கால்கோள் இட்டார். இருபது ஆண்டுகள் கழித்து அவர் மகன் இரண்டாம் இத்ரிஸ் எதிர்க்கரையில் இன்னோர் ஊரை எழுப்பினார். 818-ல் ஸ்பெயினின் கோர்தோபாவில் அமீரை எதிர்த்துக் கிளர்ந்த புறநகர் மக்கள் நாடு கடத்தப்பட்டபோது, அவர்களில் பலர் கிழக்குக் கரையில் குடியேறினார்கள். கைரவான்காரர்கள் மேற்குக் கரையில் அமர்ந்தார்கள். இரண்டு கரைக்கும் தனித்தனி மதில். பதினோராம் நூற்றாண்டில் அல்மொராவித் தலைவர் யூசுப் இபின் தாஷ்ஃபின்தான் இடைமதிலை இடித்து ஒரே நகராக்கினார்.

கைரவானிலிருந்து வந்த வணிகர் ஒருவரின் மகள் பாத்திமா அல்-ஃபிஹ்ரி. தந்தை விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு 859-ல் கரவிய்யீன் பள்ளிவாசலை அவர் எழுப்பினார் என்பது ஊர் மரபு. தொழுமிடம் கல்விக்கூடமாகவும் வளர்ந்தது. உலகில் இன்றுவரை இயங்கிவரும் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று அது போற்றப்படுகிறது. முஸ்லிம் அல்லாத பயணிகள் உள்ளே போக முடியாது. திறந்த வாசலில் நின்று முற்றத்தைப் பார்க்கலாம்.

அந்தக் குறையைத் தீர்க்கிறது பூ இனானிய்யா மதரசா. மரீனித் சுல்தான் அபூ இனான் 1350-களில் கட்டியது. அதன் முற்றத்தில் நின்று ஒரு சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். இடுப்புயரத்துக்கு வண்ண ஓட்டுச் சில்லுகள், அதற்கு மேல் சுதை வேலை, உச்சியில் தேவதாரு மரச் செதுக்கல். விரலளவு இடம்கூட வெறுமையாக விடப்படவில்லை.

தொழிலையும் இந்நகரம் கைவிடவில்லை. ஷுவாரா தோல் பதனிடும் களத்துக்குப் போகிறவர்களின் கையில் ஒரு கொத்துப் புதினாவைத் திணிப்பார்கள், நாற்றத்தைத் தாங்கிக்கொள்ள. வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கரைத்த நீர். சுண்ணாம்பு முடியைக் கழற்றும். எச்சம் தோலை மென்மையாக்கும். பிறகு சாயத் தொட்டி. தொழிலாளர்கள் தொட்டிக்குள் இறங்கி, காலால் மிதித்தே வேலை செய்கிறார்கள். மாடியிலிருந்து படம் எடுப்பவர்கள் அந்த உழைப்புக்கு உரிய மரியாதையைத் தர வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சி 1912-ல் வந்தபோது, அதன் தலைமை நிர்வாகி லியோத்தே புதிய நகரத்தை மதிலுக்கு வெளியே கட்ட வைத்தார். அதனால் பழைய நகரம் இடிபடாமல் தப்பியது. அதன் சந்துகளில் கார் நுழையாது. சுமையை இன்றும் கழுதைதான் தூக்குகிறது. 1981-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

நமக்கும் ஃபெஸ் நகருக்கும் ஓர் உறவு உண்டு. 1340-களில் மதுரை சுல்தானகத்துக்கு வந்த மொராக்கோப் பயணி இபின் பதூதா, அங்கே பரவிய கொள்ளைநோயையும் சுல்தானின் கொடுமைகளையும் கண்ணால் கண்டவர். அவருக்கே கடுங்காய்ச்சல் வந்து, புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பிழைத்ததாகச் சொல்கிறார். அலைந்து திரிந்து தாய்நாடு சேர்ந்தவரை, கண்டதையெல்லாம் சொல்லச் சொன்னவர் ஃபெஸ் நகரிலிருந்து ஆண்ட அதே அபூ இனான். இபின் பதூதா சொல்லச் சொல்ல இபின் ஜுஸய் எழுதி, 1355-ல் நூல் முடிந்தது. மதுரை சுல்தான்களைப் பற்றி எழுதுகிற எவரும் இன்றும் அந்த நூலைத் தொடாமல் எழுத முடியாது.

கோர்தோபா விரட்டியவர்களையும் கைரவானிலிருந்து வந்தவர்களையும் ஏற்றுக்கொண்டதால்தான் ஃபெஸ் பெரிய நகரமானது. மொராக்கோ போகிறவர்கள் மராகேஷோடு திரும்பிவிடாதீர்கள். ஃபெஸ் நகருக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு நடந்தே பாருங்கள்.

(தொடரும்)