ஒல்லாந்தர் விட்டுச் சென்ற நீர்வழி

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிப் பேருந்தில் செல்வோர், சிலாபத்தைத் தாண்டியதும் மேற்கே தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கிடக்கும் வாய்க்காலைக் கவனிப்பதில்லை. அதன் கரையோரமாகத் துவிச்சக்கர வண்டியில் செல்பவருக்கே அதன் வரலாறு புலப்படும்.

களனி கங்கை, நீர்கொழும்பு ஏரி, மா ஓயா, தெதுறு ஓயா, முந்தல் ஏரி, புத்தளம் ஏரி. இயற்கை தனித்தனியே விட்டிருந்த இந்த நீர்நிலைகளை வாய்க்கால்களால் கோத்தவர்கள் ஒல்லாந்தர். தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் கறுவாவும் பாக்கும் கொழும்புக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே அவர்களுடைய கவலை. வடமுனையில் வாணிபத்தைக் காவல்செய்யக் கற்பிட்டிக் கோட்டையை 1667இல் கட்டத் தொடங்கினார்கள். பின்வந்த ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த தென்பகுதி வாய்க்காலுக்கு ஹமில்டன் என்ற அதிகாரியின் பெயர் நிலைத்தது. தட்டையான அடிப்பாகமுடைய படகுகள் இந்த வழியே சரக்கேற்றிச் சென்றன. புகையிரதம் 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் எட்டியதும் படகுகளின் காலம் முடிந்தது.

ஆனால் இக்கரையின் கதை ஒல்லாந்தரோடு தொடங்கியதல்ல. 1344இல் இபின் பதூதா கரையிறங்கியபோது புத்தளம் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததை அவர் எழுதியிருக்கிறார். சிலாபத்தருகே முன்னேஸ்வரம், வடக்கே கடலுக்கும் வாய்க்காலுக்கும் இடையில் திரௌபதை அம்மன் தீமிதிப்பைக் கைவிடாத உடப்பு. 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்தளித்த சைமன் காசிச்செட்டி பிறந்ததும் கற்பிட்டியிலேதான். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோருக்குப் புகலிடம் தந்ததும் இதே மாவட்டம்.

எண்பதுகளுக்குப் பின் இறால் பண்ணைகள் பெருகின. கண்டற்காடுகள் அழிந்தன. பண்ணைகள் நீர் எடுத்ததும் கழிவை விட்டதும் ஒரே வாய்க்காலில்தான். ஆகவே 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது, ஒரு காலத்தில் கறுவாவைச் சுமந்த நீர் நோயைச் சுமந்தது.

ஒல்லாந்திலே பழைய வாய்க்கால்களின் கரைகளில் இன்று துவிச்சக்கர வண்டிகள் ஓடுகின்றன. பிரான்சின் மிடி வாய்க்கால் 1996இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நமது வாய்க்காலோ வடிகாலாகிக் கிடக்கிறது. கரைப்பாதையைச் சீர்செய்து, ஊருக்கொரு பலகையில் அவ்வூரின் கதையை மூன்று மொழியிலும் எழுதிவைக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அக்கதைகளைச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.