மிதி மெஷின், பவர் மெஷின், செல்போன்: சமுதாயக் கல்லூரி வந்த வழி

நம்ம குழுக்கள் எப்படித் தொடங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். 1989-ல தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்து, 1997-க்குப் பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. அதே காலத்தில் சத்தமில்லாமல் சமுதாயக் கல்லூரியும் வளர்ந்தது. அப்படி ஒரு கல்லூரியில் நான் 14 வருஷமா தையல் சொல்லிக்கொடுக்கிறேன்.

இந்த யோசனை அமெரிக்காவில் பிறந்தது. 1901-ல சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்ற ஊரில், பிள்ளைகள் வெளியூர் போகாமலே கல்லூரிப் படிப்பின் முதல் 2 வருஷத்தைப் படிக்கட்டும் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நம்ம பக்கம் முதலில் வந்தது 1995-ல், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி. அடுத்த வருஷம் சென்னை மயிலை உயர் மறைமாவட்டம் சென்னையில் ஒன்றை ஆரம்பித்தது. 1999-ல அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் முயற்சியில் இதற்கென்றே ஒரு மையம் சென்னையில் வந்தது. அங்கே அது பட்டத்துக்கு ஒரு படி. இங்கே, பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் கைப்பிள்ளைக்காரிகளுக்கும் திறந்த கதவு.

பாடத்திட்டத்தில் முதலில் வருவது வாழ்க்கைத் திறன். நாலு பேர் முன்னால் பேசுவது, பேங்க் படிவம் நிரப்புவது, கூலி என்னவென்று வாய்விட்டுக் கேட்பது. அப்புறம்தான் தொழில். அதற்கப்புறம் வேலையிடத்திலேயே பயிற்சி. "தையல் கத்துக்க வந்தா எதுக்கு டீச்சர் பேசச் சொல்றீங்க?" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். பேசத் தெரியாமல் கம்பெனிக்குப் போனவள் ஒரு மாதத்தில் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு முதல் சோதனை செல்போன் இல்லை, மெஷின்தான். நாங்கள் கற்றுக்கொடுத்தது மிதி மெஷினில். கம்பெனியில் இருப்பதெல்லாம் பவர் மெஷின், ஓவர்லாக். கால் வைத்ததும் துணி பறக்கும், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். கல்லூரிக்கு 2 பவர் மெஷின் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

2020-ல ஊரடங்கு வந்தது. பாடம் செல்போனுக்குப் போனது. அரசாங்கத்தின் ஸ்வயம் பாடங்கள் 2017-லிருந்தே இலவசமாக இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் இங்கிலீஷ். அதனால் நானே கைக்குழி வெட்டுவதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். தைத்த ரவிக்கையை அவர்கள் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். வெளியே பார்க்க அழகாக இருக்கும். "உள்பக்கம் திருப்பி அனுப்பும்மா" என்பேன். அங்கே நூல் தொளதொளவென்று கிடக்கும். அதைக் கையைப் பிடித்துத்தான் சரிபண்ண முடியும்.

அதைவிடப் பெரிய சிக்கல், வீட்டுக்கு ஒரே போன். மகன் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தால் அம்மாவின் வகுப்பு போச்சு. முதலில் நின்றுபோனவர்கள் அம்மாக்கள்தான். எங்கள் குழுவில் அப்போது 4 பேருக்கு போன் வாங்க உள்கடன் கொடுத்தோம். தீர்மான நோட்டில் அது "கல்விக் கடன்" என்றே இருக்கிறது. சிலர் முகம் சுளித்தார்கள். நாலு பேரில் மூணு பேர் படிப்பை முடித்தார்கள்.

இப்போது புதுப் பேச்சு: "யூடியூப்ல எல்லாம் இருக்கே, ஒரு வருஷம் எதுக்கு?" வெட்டுவதற்கு யூடியூப் நல்லதுதான், நானே பார்க்கிறேன். ஆனால் பாடம் போனுக்குப் போனபோது எங்களிடம் முதலில் கைவிடப்பட்டது வாழ்க்கைத் திறன் வகுப்பு. பரீட்சையில் அதற்கு மார்க் குறைவு, அதனால் யாரும் தேடவில்லை. அதை மறுபடி நேரில் நடத்தக் கேட்டு வாங்கியிருக்கிறோம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு. அன்றைக்குச் சந்தை, பாதிப் பேர் 11 மணிக்குத்தான் காய்கறிப் பையோடு வந்து சேர்கிறார்கள்.