ஓட்டல் பலகையில் இருந்த ஒரு வார்த்தை

வெளியூர்க்காரர்களுக்கு, அதிலும் வெளிநாட்டுக்காரர்களுக்கு, சென்னையில் ஒரு குழப்பம் கட்டாயம் வரும். வாசலில் 'ஓட்டல்' என்று பெரிதாக எழுதியிருக்கும். பெட்டியோடு உள்ளே போய் ரூம் கேட்டால், "ரூமெல்லாம் இல்லை சார், பொங்கல் இருக்கு" என்பார்கள். நம் தமிழில் தங்கினால் லாட்ஜ், சாப்பிட்டால் ஓட்டல். இங்கிலீஷ்காரன் வார்த்தையை வாங்கி, படுக்கையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு அடுப்பை மட்டும் வைத்துக்கொண்டோம்.

எந்த ஓட்டலில் எது நன்றாக இருக்கும் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதனால் நான் ருசி பக்கமே போகப்போவதில்லை. ஓட்டலில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்கு விஷயம். கையில் காசு இருந்தும் உட்கார முடியாமல் போனவர்கள் இருந்தார்கள். தாத்தா பாட்டி காலத்துக் கதைதான்.

முதலில் ஓட்டலே இல்லாத காலம். சோற்றை விற்பது பாவம் என்று நினைத்த ஊர் இது. வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது, இல்லாவிட்டால் யாராவது வீட்டுத் திண்ணை. நாகப்பட்டினத்துச் சத்திரம் ஒன்றில் இலை போட ரொம்ப நேரம் ஆகிறது என்று காளமேகப் புலவர் கேலி செய்து பாடிய கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் திருவாமாத்தூர் மேல் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்களும் அப்படி ஊர் ஊராய்ப் போனவர்கள்தான். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது. நடக்க முடியாதவரைப் பார்வையில்லாதவர் தோளில் தூக்கிக்கொண்டு போவாராம். பாட்டுக்குச் சோறு கிடைத்தது. ஆனால் சத்திரத்திலும் பந்தி ஒன்றல்ல. யாருக்கு உள்ளே இலை, யாருக்கு வெளியே, யாருக்கு இலையே கிடையாது என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவானது.

பட்டணத்துக்கு வேலைக்கு வந்த குமாஸ்தாவுக்கும் படிக்க வந்த பையனுக்கும் சத்திரம் ஒத்துவராது. தினமும் சாப்பிட வேண்டுமே! அப்படி வந்தவைதான் காப்பி கிளப்புகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸிலும் மற்ற ஊர்களிலும் முளைத்தன. (இந்தக் காலத்தைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' 2000-ல் வந்தது. கிடைத்தால் விடாதீர்கள்.) காசு கொடுத்தால் சோறு என்பது நம்மூருக்குப் புது நியாயம். சத்திரத்தில் நீங்கள் விருந்தாளி, ஆகவே தர்மகர்த்தா வைத்ததுதான் சட்டம். கிளப்பில் நீங்கள் வாடிக்கையாளர். அங்கே காசுக்கு ஜாதி இருக்கக்கூடாதுதான்.

இருந்தது. பெரும்பாலான கிளப்புகளைப் பிராமணர்கள் நடத்தினார்கள். இதில் வியாபாரக் கணக்கு ஒன்று உண்டு. பிராமணர் சமைத்ததை எல்லா ஜாதியாரும் சாப்பிடுவார்கள், மற்றவர் சமைத்ததைப் பிராமணர் சாப்பிட மாட்டார். ஆகவே சமையல்காரர் பிராமணராக இருந்தால் வாடிக்கையாளர் வட்டம் பெரிது. பலகையில் 'பிராமணாள் காப்பி கிளப்' என்று எழுதியது அந்தக் காலத்து ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி. ஆனால் அதே வார்த்தை உள்ளே போனதும் வேறு வேலை செய்தது. பிராமணர்களுக்கு ஓர் இடம், 'இதராள்' என்கிற மற்றவர்களுக்கு வேறு இடம். நடுவில் தட்டியோ சுவரோ. தாழ்த்தப்பட்டவர்களுக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழவில்லை, அவர்கள் படியே ஏற முடியாது. 1924-ல் ரெட்டைமலை சீனிவாசன் மெட்ராஸ் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்ல வைத்தார். அந்தச் சாலையோரத்தில் இருந்த ஓட்டலின் கதவு அதோடு திறந்துவிடவில்லை.

இதில் எனக்கு மிக வேடிக்கையாகப் படுவது ரயில்வே. எங்கள் பக்கத்து விழுப்புரம் பெரிய சந்திப்பு. மெயின் லைன், கார்டு லைன், பாண்டிச்சேரி லைன் எல்லாம் பிரிகிற இடம். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் யார் தோளில் யார் தூங்கி விழுகிறார் என்று எவனும் பார்க்க முடியாது. எத்தனையோ மணி நேரம் இடித்துக்கொண்டு வந்தவர்கள், பெரிய ஸ்டேஷன்களில் வண்டியை விட்டு இறங்கி ரயில்வே உணவுச்சாலைக்குப் போனால் அங்கே பிராமணாளுக்கு ஓர் இடம், இதராளுக்கு ஓர் இடம்! பெட்டிக்குள் ஒட்டாத தீட்டு சாம்பார் வாளியில் ஒட்டிக்கொண்டது போலும். நீதிக்கட்சியும் பெரியாரும் இதைப் பல வருடம் பிடித்து உலுக்கி, 1941-ல்தான் ரயில்வே இந்தப் பிரிவினையை எடுத்தது. அதற்குள் சேர்மாதேவி குருகுலச் சண்டை நடந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வ. வே. சு. ஐயர் நடத்திய அந்தக் குருகுலத்தில், 1924-25-ல், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்பதுதான் பிரச்சினை. தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உடைத்த சண்டைகளில் ஒன்று, கேட்டால் வெறும் சாப்பாட்டுப் பந்தி!

மெட்ராஸ் ஓட்டல் என்றதும் எல்லோரும் சொல்லும் உடுப்பிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து சமையலறை எடுபிடியாக ஆரம்பித்த கே. கிருஷ்ண ராவ் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். கதீட்ரல் சாலையில் 1962-ல் வந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 2008-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. ஒரே காப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உலக விஷயம் பேசிய தலைமுறை இன்னும் அதற்காகப் பெருமூச்சு விடுகிறது. அசைவத்துக்கு மிலிட்டரி ஓட்டல்கள், 1951-ல் மவுண்ட் ரோட்டில் புகாரி. வெள்ளைக்காரர்களுக்குத் தனி உலகம். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த டி'ஏஞ்சலிஸ் என்பவர் 1910-ல் சொந்தமாக விமானம் செய்து பல்லாவரத்தில் பறந்தும் காட்டினார். (ஓட்டல்காரர் விமானம் ஓட்டியிருக்கிறார், நாம் பரோட்டாவுக்கே காத்துக் கிடக்கிறோம்.)

விஷயத்துக்கு வருகிறேன். 1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 15-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கடைகள், பொது உணவு விடுதிகள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லி, ஜாதி மதத்தைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தில் ஓட்டலுக்கு என்ன வேலை? பட்ட அனுபவம் அப்படி. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. ஆக, 1957-ல் சட்டப்படி எந்த ஓட்டலுக்குள்ளும் எவரும் போகலாம். பலகையில் மட்டும் 'பிராமணாள்' மிச்சமிருந்தது.

அந்த மிச்சத்தைத்தான் பெரியார் கையில் எடுத்தார். ஓட்டல் பலகைகளிலிருந்து அந்த வார்த்தையை எடுங்கள் என்றார். பலர் தாங்களே எடுத்துவிட்டார்கள், சில இடங்களில் தொண்டர்கள் தார் பூசினார்கள். சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே மறுத்தது. 1957 மே மாதம் அதன் வாசலில் மறியல் தொடங்கியது. தினம் ஒரு குழு வரும், மறிக்கும், கைதாகும். மறுநாள் அடுத்த குழு. ஒரு வாரம், இரண்டு வாரம் இல்லை, பல மாதங்கள்! 1958-ல் கடை பெயரை மாற்றிக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது. ஒரு வார்த்தைக்காக நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள்.

"என் கடை, என் பெயர், உனக்கென்ன?" என்ற வாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. உள்ளே விடமாட்டேன் என்று அவர் சொல்லவில்லையே? இதற்குப் பெரியார் சொன்ன உவமை பிரபலம். ஒரு தெருவில் ஒரு வீட்டில் மட்டும் 'இது பத்தினி வீடு' என்று பலகை மாட்டினால் மற்ற வீடுகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். இன்றைக்குப் படித்தால் உவமை நெருடுகிறது, பெண்களை வைத்துத்தானா சொல்ல வேண்டும்? ஆனால் தர்க்கம் சரியென்றே எனக்குப் படுகிறது. வாசலில் தொங்கும் பலகையை உள்ளே போகிறவன் மட்டும் படிப்பதில்லை, தெருவில் போகிற எல்லோரும் படிக்கிறார்கள். 2012-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஓட்டல் பலகையில் அதே வார்த்தை வந்து மறுபடி போராட்டம் நடந்தபோது, ஐம்பத்தைந்து வருடம் கழித்தும் இரண்டு பக்கமும் அதே வாதங்கள்தான்.

வார்த்தை போன இடத்தில் வேறு வார்த்தைகள் வந்தன. 'உயர்தர சைவ உணவகம்' என்று எத்தனை பலகை பார்த்திருப்போம். உயர்தர அசைவம் என்று எழுதியதைப் பார்த்தது அபூர்வம். அந்த 'உயர்' எதிலிருந்து வந்தது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஆனால் மாற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1981-ல் கே.கே. நகரில் சரவண பவன் தொடங்கிய பி. ராஜகோபால் நாடார் சமூகத்தவர். (அவர் வாழ்க்கையின் மறுபக்கமான கொலை வழக்கும், 2019-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த ஆயுள் தண்டனையும் வேறு கதை.) ஒரு காலத்தில் கமுதிக் கோவிலுக்குள் போவதற்காக லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்காடித் தோற்ற சமூகம் அது. முரளி கஃபே மறியல் நடந்து கால் நூற்றாண்டுக்குள், அந்தச் சமூகத்தவர் ஒருவர் நடத்திய ஓட்டலின் சாம்பார் வடைக்கு மயிலாப்பூர் மாமாக்கள் வரிசையில் நின்றார்கள். சமையலறையில் இருப்பவர் யார் என்று எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

குடி விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. 1937-ல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கை 1948-ல் மாகாணம் முழுவதற்கும் விரித்தது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சி. ஓமந்தூர் திண்டிவனத்துக்குப் பக்கம். கோவில் நுழைவுச் சட்டத்தை 1947-ல் நிறைவேற்றியதும் அவர் ஆட்சிதான். குழாயை அடைத்தவர் எங்கள் ஊர்க்காரர், திறந்தே வைத்திருந்த பாண்டிச்சேரியோ விழுப்புரத்திலிருந்து 40 கி.மீ. :-) பிறகு 1971-ல் தளர்த்தி, 1974-ல் மறுபடி இறுக்கி, 1983-ல் டாஸ்மாக் உருவாகி, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. டாஸ்மாக் பார்தான் உண்மையான சமத்துவபுரம், அங்கே ஜாதி கிடையாது என்று ஒரு ஜோக் உண்டு. முகம் தெரியாதவர்கள் ஒரே மேஜையில் ஒரே சுண்டலைப் பகிர்வது உண்மைதான். ஆனால் அந்த மேஜையில் பெண்கள் எங்கே? சைவ ஓட்டலிலேயே அவர்களுக்கு ரொம்ப நாள் 'குடும்ப அறை' என்று திரை போட்ட தடுப்புதான். சுவர் எடுபட்டது, திரை மாட்டப்பட்டது.

இதெல்லாம் பட்டணத்துக் கதை. ஊர்ப்பக்கம் விஷயம் பலகையில் இல்லை, டம்ளரில் இருந்தது. நம் ஆட்கள் எச்சிலுக்கு அஞ்சுகிற மாதிரி எதற்கும் அஞ்சுவதில்லை. அதனால்தான் காப்பியைத் தூக்கிக் குடிக்கிறோம். கள் குடித்த காலத்தில் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்துவிட்டு எறிந்துவிடலாம், தகராறு இல்லை. டீக்கடை வந்தபோது கண்ணாடி கிளாஸ் வந்தது. கழுவித் திரும்ப வைக்கிற கிளாஸ். உடனே தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனிக் கிளாஸ் என்று இரட்டைக் குவளையும் வந்தது. அதைத் தாங்களே கழுவி வைக்க வேண்டும், பெஞ்சில் உட்காரக்கூடாது. இது 1930-களோடு முடிந்த சங்கதி இல்லை. 2011-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தமிழ்நாட்டு டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பெயர் சொல்லிக் கண்டித்தது. முரளி கஃபே பலகை மாறி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு!

நடுவில் பிளாஸ்டிக் கப்பும் காகிதக் கப்பும் வந்து சண்டையை மூடி மறைத்தன. சில கடைகளில் எல்லோருக்கும் கப், சில கடைகளில் சிலருக்கு கிளாஸ், சிலருக்கு கப். கேட்டால் "சுத்தத்துக்காகத்தான் தம்பி" என்பார் கடைக்காரர். சிலருக்கு மட்டும் என்ன சுத்தம் என்று கேட்டால் பதில் வராது. பிறகு 2019 ஜனவரி 1 முதல், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளையும் சேர்த்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்தது. பல டீக்கடைகளில் கண்ணாடி கிளாஸ் திரும்ப வந்தது, கூடவே ஒரே வாளித் தண்ணீரும்.