இடைநில்லாப் பயணமும் எடைக்கணக்கும்: ஆஸ்திரேலியா–லண்டன் வான்வழி, 1919–2024

லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே மிகக் குறுகிய வான்தொலைவு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். அதைக் கடக்கும் நேரம் வாரக்கணக்கிலிருந்து மணிக்கணக்குக்கு இறங்கியதை விமான வேகத்தின் வரலாறாகவே எழுதிவருகிறோம். அதை எடையின் வரலாறாகப் படிப்பதே பொருந்தும் என்பது என் துணிபு.

1919 நவம்பர் 12 அன்று ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் விக்கர்ஸ் விமி விமானத்தில் ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பி டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினர். ஏறத்தாழ 28 நாட்களில் அவர்கள் வானில் இருந்தது 136 மணி நேரம்தான். மற்றப் பொழுதெல்லாம் தரையில் கழிந்தது. 1935-இல் தொடங்கிய பயணிகள் சேவை பன்னிரண்டரை நாள் பிடித்தது. அதிலும் பாரிஸிலிருந்து பிரிண்டிசி வரை ரயிலில்தான் போகவேண்டும்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்ததும் இவ்வழி அறுந்தது. மாற்றுவழி இந்தியப் பெருங்கடலின் குறுக்கே, ஓரிடத்திலும் இறங்காமல். 1943-இல் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் தென்கரையில், காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்குக் கேட்டலினா நீர்விமானங்களைச் செலுத்தத் தொடங்கியது. தொலைவு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. ஒரு நடை முடிய ஏறத்தாழ 28 மணி நேரம் பிடிக்கும். மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். பயணிகள் வழியில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டனர்.

இந்தச் சேவையின் உள்விவரம் கவனிக்கத்தக்கது. கூடுதல் எரிபொருள் தொட்டிகளுக்காகப் பனி அகற்றும் கருவிகள் உட்படத் தவிர்க்கக்கூடியவை எல்லாம் கழற்றப்பட்டன. அதன் பிறகும் ஏற்ற முடிந்தது மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்தான். ஆயுதம் கிடையாது. எதிரியின் கண்காணிப்புப் பகுதியை இருட்டில் கடந்தாக வேண்டும், வானொலியில் பேசக்கூடாது. மாலுமி விண்மீன்களைப் பார்த்தே திசை கணித்தார். ஆல்டெய்ர், வேகா, ரைஜல், அன்டாரெஸ், ஸ்பைகா என ஐந்து விமானங்களுக்கும் விண்மீன் பெயர்களே. 1945 ஜூலைக்குள் 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானம்கூட விபத்தில் இழக்கப்படவில்லை. இவ்வளவு மெதுவான ஊர்தியால் இவ்வளவு நீண்ட கடலைத் தாண்ட முடிந்ததற்கு ஒரே காரணம், ஆளைக் குறைத்து எரிபொருளை ஏற்றியதுதான்.

போருக்குப் பிந்தைய சேவை எதிர்த்திசையில் சென்றது. 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து புறப்பட்ட கான்ஸ்டலேஷன் 29 பயணிகளை ஏற்றிக்கொண்டு டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என நின்று நின்று நான்கு நாளில் லண்டன் சேர்ந்தது. ஆள் கூடியபோது நிறுத்தங்களும் கூடின.

1989 ஆகஸ்டில் ஒரு போயிங் 747-400 லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் நிற்காமல் பறந்தது. கட்டணப் பயணி எவரும் அதில் இல்லை. எரிபொருள் வீணாகாதிருக்க ஓடுபாதை வரை அதை இழுத்தே சென்றனர். 2019-இல் இதே வழியில் 787-9 சோதனையாகப் பறந்தபோதும் ஏறியவர்கள் ஏறத்தாழ 50 பேர்தான். ஆன நேரம் 19 மணி 19 நிமிடம்.

இடையில் 2018 மார்ச் மாதம் பெர்த்–லண்டன் நேரடிச் சேவை தொடங்கியது: 14,499 கிலோமீட்டர், 236 இருக்கைகள், 17 மணி நேரத்துக்குச் சற்று மேல். 2024-இல் ஈரானிய வான்வெளியைத் தவிர்க்க வழி நீண்டதும், லண்டன் செல்லும் விமானம் எரிபொருளுக்காகச் சிங்கப்பூரில் இறங்கவேண்டியதாயிற்று. சிட்னி–லண்டன் சேவைக்கெனக் குவாண்டாஸ் பதிவுசெய்துள்ள ஏர்பஸ் ஏ350-1000 விமானத்தில் 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி உண்டு. முன்னூறுக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த வகையில் இருக்கைகளை 238-ஆகக் குறைத்திருக்கிறார்கள்.