புல்லட் பொறியின் நெம்புருள்
நெம்புருள் (கேம்) என்பது பொறியின் வால்வுகள் திறக்கும் நேரத்தையும் உயரத்தையும் தீர்மானிக்கும் உறுப்பாகும். அமெரிக்க மசில் கார்களின் வி-8 பொறிகளில் பொதுவாக ஒரே தண்டில் 16 நெம்புருள்கள் இருக்கும். சென்னை திருவொற்றியூரில் உருவான 346 கன செ.மீ. என்ஃபீல்டு புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு உருளைப் பொறியிலோ உள்ளிழு வால்வுக்கும் வெளியேற்று வால்வுக்கும் தனித்தனி நெம்புருள்கள் உண்டு.

இப்பொறியைப் புதுப்பிப்போர் சிலர் வால்வை அதிகம் உயர்த்தி, நெடுநேரம் திறந்து வைக்கும் பந்தய வகையை நாடுவர். அது உயர் சுழற்சியில் திறனைக் கூட்டினாலும் தாழ் சுழற்சியில் முறுக்குவிசையைக் குறைக்கும். சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வளைவுகளில் தேவைப்படுவது அம்முறுக்குவிசையே. ஆகவே அங்கு மூல அளவு நெம்புருளே ஏற்றது. பந்தய வகையைப் பொருத்துமுன் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளக்காவிடில், வால்வு பிஸ்டனில் மோதி வளையக்கூடும். தேய்ந்த டேப்பெட்டுடன் சேர்க்கப்படும் புதிய நெம்புருளும் விரைவில் தேய்ந்துவிடும்.