தண்ணீர்க் கணக்கில் நேர்ந்த பிழை

மாணவர்களே, இரசாயனக் கணக்கில் விடை தவறினால் நாம் முதலில் பெருக்கலையும் வகுத்தலையும் சரிபார்க்கிறோம். அங்கே பிழை காணாவிடில், விடை சரியென்றே துணிந்துவிடுகிறோம். அத்துணிவு எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதைத் தண்ணீரின் வரலாறு காட்டுகிறது.

1808-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஜான் டால்ட்டன் தம் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டார். தனி அணுவை நிறுக்கத் தராசு ஏது? ஆதலின் பொருள்களின் எடை விகிதத்திலிருந்தே அணு எடையைக் கணித்தார். தண்ணீரில் ஹைட்ரஜன் ஒரு பங்கென்றால் ஆக்ஸிஜன் ஏழு பங்கு என்பது அன்று அவர் கொண்ட அளவு. திருத்தமான அளவு ஏறத்தாழ எட்டு. ஓர் அணுவோடு ஓர் அணு சேர்ந்தே தண்ணீர் ஆகிறது என்று கொண்டு, ஆக்ஸிஜனின் அணு எடை ஏழு என முடித்தார். சோதனை அளவு பின்னர் எளிதில் திருந்தியது. ஆனால் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பது சோதனை சொன்ன செய்தியன்று. எளிமை கருதி அவரே வகுத்துக்கொண்ட விதி. பெரும்பிழை அங்கேதான் மறைந்திருந்தது.

அதே ஆண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் கே-லுசாக் மற்றோர் உண்மையை அறிவித்தார். இரண்டு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்ஸிஜனும் கூடி இரண்டு பருமன் நீராவியைத் தருகின்றன. சம பருமனில் சம எண்ணிக்கைத் துகள்கள் உள்ளன என்று கொண்டால், ஒவ்வோர் ஆக்ஸிஜன் துகளும் இரண்டாகப் பிரிந்தாக வேண்டும். அணு பிளவுபடாது என்று கொண்டிருந்த டால்ட்டன் இதனை ஏற்கவில்லை.

1811-இல் இத்தாலியரான அவொகாட்ரோ இம்முடிச்சை அவிழ்த்தார். பிரிவது அணுவன்று, மூலக்கூறு என்றார். ஆக்ஸிஜன் வாயுவின் மூலக்கூறு இரண்டு அணுக்களால் ஆனது. தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களோடு ஓர் ஆக்ஸிஜன் அணு சேர்ந்துள்ளது. அவ்வாறாயின் ஆக்ஸிஜனின் அணு எடை எட்டன்று, பதினாறு. ஆனால் ஒரே தன்மையுடைய இரண்டு அணுக்கள் இணையா என்ற கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. எனவே அவர் சொல் எடுபடவில்லை.

விளைந்த குழப்பம் சிறிதன்று. காடியில் உள்ள அசெட்டிக் அமிலம் ஒன்றற்கே வழங்கிய பத்தொன்பது வாய்பாடுகளைக் கெக்குலே 1861-இல் தம் பாடநூலில் எடுத்துக்காட்டினார். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் அறிஞர்கள் கூடினர். அங்கே கன்னிசாரோ அவொகாட்ரோவின் கொள்கைக்காக வாதாடினார். அவரது சிறு நூலும் வழங்கப்பட்டது. அதனைப் படித்துத் தெளிந்தோருள் லோதர் மேயரும் ஒருவர். கூட்டத்திற்கு வந்திருந்த மெண்டலீவ், திருந்திய அணு எடைகளைக் கொண்டே 1869-இல் தனிம வரிசை அட்டவணையை அமைத்தார். அவொகாட்ரோவோ 1856-லேயே மறைந்துவிட்டார்.

டால்ட்டனை நாம் இகழ்தல் தகாது. தாம் கொண்ட விதிகளை ஒளிக்காமல் நூலிலேயே எழுதிவைத்தவர் அவர். அதனாலன்றோ பிழை எந்தப் படியில் உள்ளதெனப் பின்வந்தோர் சுட்ட முடிந்தது! ஆகவே, மாணவர்களே, விடையை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். கொடுக்கப்பட்டது எது, கணித்தது எது, நாமாகக் கொண்டது எது என்று பிரித்து எழுதுங்கள். விடை தவறினால் மூன்றாவதையே முதலில் ஐயுறுங்கள்.