விடுதியில் உதித்த விண்மீன்

திருவருகைக் காலம் பிறந்ததும் நம் வீட்டு வாசல்களில் தாள் விண்மீன்கள் தொங்கத் தொடங்குகின்றன. செருமனி நாட்டார் குளிர்காலத்தில் தொங்கவிடும் விண்மீன் ஒன்று, பள்ளிக் கணக்குப் பாடத்தில் பிறந்தது என்பதைப் பலர் அறியார்.

மொராவியாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்தோர் 1722-இல் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரை அமைத்தனர். அச்சபையார் கிரீன்லாந்து வரை நற்செய்தி அறிவிக்கச் சென்றனர். 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தனர். அவர்தம் பிள்ளைகளோ தாயகத்து உறைவிடப் பள்ளிகளில் வளர்ந்தார்கள். பெற்றோரின் தொண்டைப் போற்றும் நாம் அப்பிள்ளைகளின் தனிமையை எண்ணிப் பார்ப்பதில்லை.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நீஸ்கி ஊர்ப் பள்ளியில் வடிவியல் பயிற்சியாக மாணவர் தாளை வெட்டி, மடித்து, கூம்புகளாக ஒட்டி விண்மீன் செய்தனர். இன்று பெருவழக்கிலுள்ள வடிவத்தின் நடுவுடலுக்கு 18 சதுர முகங்களும் 8 முக்கோண முகங்களும் உண்டு. கூம்புகளோ 25 மட்டுமே. ஒரு சதுரம் வெறுமையாக விடப்படுகிறது. விளக்கு நுழைவதும் கயிறு கட்டுவதும் அவ்வழியே. திருவருகையின் முதல் ஞாயிறன்று அவற்றைச் செய்து விடுதி அறைகளில் தொங்கவிடுவது வழக்கமாயிற்று. பாடம் எப்போது முடிந்தது, வீட்டு நினைவு எப்போது தொடங்கியது என்று எவர் பிரித்துரைப்பார்?

அப்பள்ளியின் பழைய மாணவர் பீட்டர் வெர்பேக் 1880-ஐ ஒட்டி அதனைத் தம் புத்தகக் கடையில் விற்கலானார். இன்றும் தாள் விண்மீன் தனித்தனிக் கூம்புகளாகவே பெட்டியில் வருகிறது. வீட்டார் கூடி அமர்ந்து கோத்துக்கொள்கின்றனர்.